சாருக்கு எந்தப் பக்கம்?

கோவில்பட்டியில் வாடகைக் காருக்குப் பேசும்போது முதலில் காதில் விழுவது "எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்" என்கிற கணக்கு. அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி. எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, இடைசெவல், கழுகுமலை என்று வரிசையாக ஊர்ப்பெயர்களைச் சொன்னால் எதிர்முனையில் ஒரு சின்ன அமைதி. பிறகு, "எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்கணுமா சார்?" என்பார்கள். இந்த வட்டத்தை எண்பது கிலோமீட்டருக்குள் அடக்க யாராலும் முடியாது. ஏதாவது ஒன்று விடுபடும். பெரும்பாலும் இடைசெவல், சில நேரம் கழுகுமலையின் மலையேற்றம். கரிசல் வரலாற்றில் எது முக்கியம், எது இரண்டாம்பட்சம் என்பதை இங்கே முதலில் முடிவு செய்வது காரின் மீட்டர்தான்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் நண்பர்களுக்காக இந்தச் சுற்றைப் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வண்டி, வேறு ஓட்டுநர். மாமல்லபுரத்தில் போல அட்டை தொங்கவிட்ட வழிகாட்டிகள் இங்கே வழிமறித்து நிற்பதில்லை. ஸ்டியரிங் பிடிப்பவரே கதைசொல்லி. காரில் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர், கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடும், ஒரே குரல் பேசிக்கொண்டே வரும். ஒரு நாவலை வாசிப்பது போல இதையும் வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது. சொல்பவர் யார், கேட்பவர் யாரென்று அவர் நினைத்துக்கொண்டு சொல்கிறார், எங்கே குரல் உயர்கிறது, எங்கே பேச்சை மாற்றுகிறார்? இந்தப் பிரதிக்கு மூலமும் உண்டு, பாடபேதமும் உண்டு, தணிக்கையும் உண்டு.

மூலம் எது என்பதில் குழப்பமே கிடையாது. 1959இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். பாஞ்சாலங்குறிச்சி வாசலில் இறங்கியதும் ஏறக்குறைய எல்லா ஓட்டுநர்களும் ஒரு கணம் சிவாஜி கணேசனாகிறார்கள். ஜாக்சன் துரையிடம் வரி பற்றிக் கேட்கும் அந்த வசனம், சக்தி கிருஷ்ணசாமி எழுதியது, மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடம். ஒருவர் கார் சாவியை வாள் போலப் பிடித்துக்கொண்டு சொன்னார். கேலிக்காக இதைச் சொல்லவில்லை, நன்றாகவே செய்தார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்தது நடந்த சம்பவம். அதற்கு முன் கலெக்டரைப் பார்க்க முடியாமல் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டதும், பிறகு கும்பினியே விசாரணை வைத்து ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்ததும் வரலாற்றில் இருக்கின்றன. ஒரு பாளையக்காரரின் குறை நியாயமானதுதான் என்று கும்பினியின் கோப்பே ஒத்துக்கொண்ட இடம் அது. வசனத்துக்கு அது தேவைப்படவில்லை. காரிலும் நான் கேட்டதில்லை.

இப்போது அங்கே நிற்கும் கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை 1801இல் ஊமைத்துரையின் போர் முடிந்ததும் கும்பினிப் படை தரைமட்டமாக்கியது. இடித்த இடத்தில் உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்தப் பக்கம் இன்னமும் சொல்வார்கள். அந்தப் பழைய கோட்டை மண்கோட்டை. 1801 படையெடுப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் ராணுவ நினைவுக்குறிப்புகளில் அந்த மண்சுவர்களைப் பற்றியும் சுற்றியிருந்த முள்வேலியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து பிப்ரவரியில் தப்பி வந்த ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் கோட்டையை மீண்டும் எழுப்ப முடிந்ததற்கும், பீரங்கிகளோடு வந்த படை மே மாதம் வரை அதைப் பிடிக்கத் திணறியதற்கும் இந்த மண் ஒரு காரணம். படத்தின் போர்க்காட்சிகளோ ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. ராஜஸ்தானத்துக் கல் திரையில் பதிந்து, திரையிலிருந்து நம் கண்ணில் பதிந்து, கடைசியில் கரிசலில் நினைவுக் கோட்டையாக வந்து நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அதன் பக்கத்திலேயே பழைய கட்டடத்தின் அஸ்திவார மிச்சங்கள் கிடக்கின்றன. "அங்க ஒண்ணும் இல்ல சார், வெறும் செங்கக் கட்டுமானம்தான்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர்கள் நிழலில் ஒதுங்கிவிடுவார்கள். சற்றுத் தள்ளிக் கும்பினிப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. கேட்டால்தான் வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

இவ்வளவும் பொதுப்பாடம். பாடபேதம் தொடங்குவது ஒரு கேள்வியில்.

வண்டி ஊரைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் அது வரும். "சாருக்குச் சொந்த ஊரு எந்தப் பக்கம்?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "அங்கன எந்தத் தெரு?" அதற்கும் பதில் வந்தால், "அப்ப இன்னாரைத் தெரியுமே" என்று ஒரு பெயர். மூன்று கேள்விகள், மூன்றுமே மரியாதையானவை. தென்மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது எதற்கான விசாரிப்பு என்று விளக்க வேண்டாம். பதிலைப் பொறுத்துக் கதை மாறுகிறது. ஒரு பயணத்தில் போரின் முதுகெலும்பு வெள்ளையத்தேவன். இன்னொரு பயணத்தில் சுந்தரலிங்கம், வெடிமருந்துக் கிடங்கில் அவர் பாய்ந்த கதை அரை மணி நேரம். வேறொன்றில் இதற்கெல்லாம் முன்பே கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் தொடங்கிவிட்டார் என்று வண்டியே வேறு திசைக்குத் திரும்பப் பார்த்தது. பூலித்தேவன் ஒருவருக்கு முதல், ஒண்டிவீரன் இன்னொருவருக்கு முதல். ஒவ்வொருவருக்கும் இன்று அரசு மணிமண்டபமோ சிலையோ உண்டு, ஆண்டுக்கொரு நாள் விழா உண்டு. அந்த நாள்களில் மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு போடுவதும் வழக்கமாகிவிட்டது. இவர்களில் யாருடைய பங்கும் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் புரட்டினால் பலவகைச் சனங்களும் ஒரே கூட்டமாக அதில் வருவதைப் பார்க்கலாம். காருக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வருகிறார். எவர் வருவார் என்பது பின்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சென்னை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பயணிகளுக்கு சினிமா கிடைக்கும். யாருக்கும் சிக்கலில்லாத பாடம் அதுதான்.

ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' நாவலை (1958) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரயில்வே ராஜு மால்குடிக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து ஊரின் வரலாற்றைக் கூட்டியும் குறைத்தும் சொல்லும் பேர்வழி. தெரியாது என்ற சொல் அவன் வாயில் வராது. கபூரின் டாக்ஸியும் அவனும் சேர்ந்து பழமையை விற்கிறார்கள். வழிகாட்டி என்கிற பாத்திரத்தைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான பதிவு அது என்பது என் எண்ணம். ஆனால் ராஜுவை நம் ஓட்டுநர்கள் மேல் அப்படியே பொருத்த முடியாது. ராஜு கதையை மாற்றுவது காசுக்காகவும், கேட்பவர் வாய் பிளப்பதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவும். மால்குடியில் தவறான ஆளிடம் தவறான ராஜாவைப் புகழ்ந்துவிட்டால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. இங்கே அப்படியில்லை.

1997ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை தமிழ்நாட்டு அரசுப் பேருந்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கம் ஓடியவை கட்டபொம்மன் பேருந்துகள். அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதிய கழகம் அறிவிக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் இருந்தவர் என்று எல்லோரும் கொண்டாடும் ஒரு வீரரின் பெயர்தான். ஆனால் அவர் தேவேந்திர குலத்தில் பிறந்தவர் என்பதால், அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு எழுந்தது. கலவரம், தீவைப்பு, உயிர்ப்பலி. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. கோவில்பட்டி இருந்த சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். நாற்பத்தைந்து வயது தாண்டிய ஓட்டுநர் எவருக்கும் அந்த மாதங்கள் நினைவிருக்கும். வண்டியின் மேல் ஒரு பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பேருந்தின் பக்கவாட்டில் எழுத முடியாமல் போன வரலாறு, வாடகைக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆள் யாரென்று விசாரித்துக்கொண்டு, மெதுவான குரலில் நடக்கிறது. அந்த மூன்று கேள்விகளும் வம்பு விசாரிப்பாகத் தொடங்கினாலும், பாதிக்குப் பாதி தற்காப்பு.

இதனால் அந்த விசாரிப்பு நல்லதாகிவிடாது. பின்சீட்டில் இருப்பவரைக் கூசிப்போகச் செய்கிற கேள்வி அது. பதில் சொல்லத் தயங்கி, தெரு பெயரை மாற்றிச் சொல்லி, அடுத்த ஒரு மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த நண்பர் எனக்கு உண்டு. அன்றைக்கு அவருக்குக் கேட்கக் கிடைத்த வரலாறு அவருடையதல்லாத ஒரு தெருவுக்காகச் சொல்லப்பட்டது.

எட்டயபுரத்தில் இந்த மாறுதல் இன்னும் வேடிக்கையாக நடக்கும். கோவில்பட்டியிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது எட்டயபுரம். அங்கே ஓட்டுநர் வாயிலிருந்து வருவது 'மகாராஜா'. அரண்மனை பார்த்து, டீ குடித்து, ஊர் எல்லையைத் தாண்டிப் பாஞ்சாலங்குறிச்சிச் சாலை பிடித்ததும் அதே பரம்பரை 'எட்டப்பன்' ஆகிவிடுகிறது. துரோகி என்பதற்குத் தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் அந்தச் சொல்லை எட்டயபுரம் கடைத்தெருவில் நான் சத்தமாகக் கேட்டதில்லை. அது இங்கிதம், சரிதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் தரப்பு நியாயம் உண்டு. இரண்டும் தனித்தனிப் பாளையங்கள், எல்லைத் தகராறு பழையது, ஒருவருக்கு ஒருவர் விசுவாசம் காட்ட வேண்டிய கட்டாயம் என்ன என்று கேட்பார்கள். எதிர்த்தரப்புக்கும் பதில் உண்டு. கும்பினியோடு சேர்ந்து நின்றதை எல்லைத் தகராறு என்று கழித்துவிட முடியுமா? நல்ல கதைசொல்லி இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். கார் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வாக்கியமும் அதற்குத் தோதான ஊரில் இறங்கிவிடுகிறது, இரண்டும் சந்திப்பதே இல்லை.

எட்டயபுரத்தைச் சுற்றுலா அவமதிப்பது அந்தச் சொல்லால் மட்டும் அல்ல. பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியில் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம், இரண்டும் பார்த்தாகிவிட்டால் "அவ்ளோதான் சார்". முத்துசாமி தீட்சிதர் 1835இல் காலமானது இந்த ஊரில். அவர் சமாதியும் இங்கேதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இங்கே. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியதும் இந்தச் சின்ன ஊரில்தான். ஒரு பொட்டல் காட்டுச் சமஸ்தானம் கும்பினியோடு சமாதானமாக இருந்ததால் கிடைத்த நிம்மதியில்தான் இதில் பாதியாவது நடந்தது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தைத் தருவதுதான் ஒரு வரலாற்றுச் சுற்றுலாவின் வேலை. தலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அது வராது.

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, கயத்தாறில் சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் இடம் வாங்கி வைத்த கட்டபொம்மன் சிலை. இரண்டிலும் போட்டோ எடுப்பதைத் தவிர எதுவும் நடப்பதில்லை. 1799 அக்டோபர் 16 அன்று புளியமரத்தில் தூக்கிலிடப்பட்ட ஒரு மனிதனுக்கு, அவனாக நடித்த மனிதர் சிலை வைத்திருக்கிறார். சிலையில் எவர் முகம் என்று நண்பர்கள் கேட்பார்கள். பார்த்தால் தெரியும்.

கழுகுமலைக்கு வருவோம். இங்கே வெட்டுவான் கோவில் என்கிற அதிசயம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, பாதியில் நின்றுபோன கோவில். ஏன் நின்றது என்பதற்கு ஓட்டுநர்களிடம் ஒரு கதை தயார். தகப்பன் ஒரு சிற்பி, மகன் ஒரு சிற்பி, பொறாமையில் தகப்பன் மகனைக் கொன்றான். இதே சாயலில் சிற்பி மகன் சாகும் கதை கொனாரக்கிலும் சொல்லப்படுகிறது. பக்கத்திலேயே சமணர் சிற்பங்கள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர் பெயர், ஊர். குரத்திகள் என்ற பெண் துறவிகளின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் யார் எந்த ஊர் என்று கேட்டதற்குப் பாறையில் எழுதிவைத்த பதில்கள் இவை. படிக்கச் சொல்லித்தர யாரும் இல்லை.

ஆனால் கழுகுமலையில் சொல்லப்படாமல் போவது மலைமேல் இருப்பது மட்டுமா? கீழே தேரோடும் தெருக்களில் 1895இல் பங்குனி உத்திரத்தின்போது நடந்தது. ரத வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு உண்டா இல்லையா என்ற நீண்ட வழக்கின் தொடர்ச்சியாக வெடித்த கலவரம் அது. ஜமீன் மேலாளர் உட்படப் பலர் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. நாலு வருடம் கழித்து 1899இல் சிவகாசி. இந்தப் பகுதியின் இன்றைய கடைத்தெருக்கள், பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், தீப்பெட்டி ஆபீஸ்கள் எவற்றையும் இந்த இரண்டு ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. நான் போன எந்தப் பயணத்திலும் இது கதையின் பகுதியாக வந்ததில்லை. ஒரே ஒருமுறை, நண்பர்கள் மலையேறிப் போய்விட, கால்வலியால் நான் கீழே வண்டியில் இருந்தேன். ஓட்டுநர் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, "இந்தத் தெருவுலதான் எல்லாம் நடந்துச்சு தம்பி" என்று தொடங்கினார். அவர் பாட்டி அவர் சிறுவனாக இருந்தபோது சொன்னதாம். எந்தப் பக்கம் ஓடினார்கள், எங்கே ஒளிந்தார்கள் என்று விரலால் காட்டினார். ஏற்ற இறக்கமில்லாத குரல், வசனம் கிடையாது. மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவதைப் பார்த்ததும், "சரி, கடலைமிட்டாய் எங்க வாங்கணும்னு கேட்டாகள்ல" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவ்வளவு நேரமும் அவர் என்னிடம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்ததுமே கணித்துவிட்டாரோ என்னவோ.

அந்த இருபது நிமிடத்தை மொத்தப் பயணத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரியாததால் யாரும் சொல்லாமல் இல்லை. எல்லோருக்கும் தெரியும். பூமணியின் 'அஞ்ஞாடி' (2014இல் சாகித்ய அகாதெமி பெற்றது) ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்து இந்தக் கலவரங்களுக்குள் போகிறது. அதை வாசிக்கும்போது எனக்கு முதலில் தோன்றிய ஆச்சரியம், இந்த நாவல் என்னை நீ எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை என்பதுதான். கேட்காமலே எல்லாப் பக்கத்துச் சாவையும் காட்டிவிடுகிறது. வாசகன் முகம் தெரியாத ஆள் என்பது எழுத்தாளருக்கு உள்ள பெரிய வசதி. பின்பார்க்கும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவருக்கு அது கிடையாது.

ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தோழி வந்திருந்தார். வழக்கமான கேள்வி வந்தது. அவர் ஊரைச் சொன்னார். ஓட்டுநர் அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. எந்தத் தெரு என்று கேட்டு என்ன செய்ய? அந்த ஊரின் தெருக்கணக்கு அவர் கையில் இல்லை. (யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒரு கணக்கு உண்டு, அது வேறு கட்டுரை.) கொஞ்ச தூரம் போனதும், "அவுக ஒரு மாதிரி சொல்லுவாக, இவுக ஒரு மாதிரி சொல்லுவாக" என்று தொடங்கி, எட்டயபுரம் தரப்பு, பாஞ்சை தரப்பு, தளபதிகள் ஒவ்வொருவர் தரப்பு என்று வரிசையாக எடுத்துவைத்தார். நான் கேட்டதிலேயே முழுமையான பாடம் அது. தோழி கேட்டதால் கும்பினிக்காரர்களின் கல்லறைக்கும் வண்டியைத் திருப்பினார். அவரும் அங்கே இறங்கிப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவையாம்.

இத்தனைக்கும் ஓட்டுநர்கள் உண்மையிலேயே நன்றாகப் பேசுவது நிறுத்தங்களுக்கு நடுவில்தான். ரோடு ஏன் இந்த இடத்தில் மட்டும் அலை அலையாகக் கிடக்கிறது என்று கேளுங்கள். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மேலே போட்ட தார் என்ன செய்யும் என்பார். வீடு கட்டினால் எத்தனை அடிக்குத் தோண்டினால் கெட்டித் தரை வரும், எந்தச் சுவர் கீறல் ஆபத்து, எது சும்மா என்பதெல்லாம் அத்துப்படி. பருத்தி இருந்த காட்டில் இப்போது மக்காச்சோளம் ஏன், எந்தக் கண்மாய் தூர்ந்து கருவேலங்காடானது, காற்றாலைக்காரன் வந்த பிறகு நிலத்தின் விலை என்ன ஆனது என்று சொல்லிக்கொண்டே வருவார். சோ. தர்மனின் 'சூல்' படித்தவர்களுக்கு அந்தக் கண்மாய்ப் பேச்சு நாவலின் பக்கங்களைத் திரும்பப் புரட்டுவது போல இருக்கும். ஆனால் இதைத் தன் வேலையின் பகுதியாக அவர் எண்ணுவதில்லை. கோட்டை வந்ததும் இந்தக் குரலை நிறுத்திவிட்டு அந்தக் குரலை எடுத்துக்கொள்வார். நாமும் கேமராவை அப்போதுதான் எடுக்கிறோம்.

இடைசெவல் விடுபடுவதற்கும் காரணம் இதுதான். நான்குவழிச் சாலையில் கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் இருக்கிற ஊர், வழியில்தான் இருக்கிறது, சுற்று கிடையாது. ஆனாலும் "அங்க பாக்க என்ன சார் இருக்கு?" 1923இல் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர். இருவருமே சாகித்ய அகாதெமி பெற்றவர்கள், அழகிரிசாமிக்கு இறந்த பிறகு. 2021 மே மாதம் புதுச்சேரியில் இறந்த கி.ரா.வை அரசு மரியாதையோடு அடக்கம் செய்ததும் இங்கேதான். கோட்டை கிடையாது, குதிரைச் சிலை கிடையாது. கி.ரா.வுக்கு அரசு எழுப்பிய நினைவரங்கமும் கோவில்பட்டியிலேயே அமைந்துவிட்டதால் இனி ஊருக்குள் போகத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. 1982இல் கி.ரா. தொகுத்துத் தந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் காரில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஓட்டுநர் பேசிய சொற்களில் நாலில் ஒன்றை அதில் தேடிப் பிடிக்கலாம். ஒருவரிடம் காட்டியபோது, வண்டியை ஓரமாக நிறுத்தி, புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ஒரு சொல்லுக்குப் போட்டிருக்கும் அர்த்தம் எங்க ஊர்ப் பக்கம் செல்லாது என்று வாதம் செய்தார். அந்த நாளில் அவர் சொன்னவற்றில் எவர் முகத்தையும் பார்க்காமல் சொன்ன வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுற்று போக நினைப்பவர்கள் வாடகை பேசும்போதே இடைசெவலையும் கழுகுமலையின் மலையேற்றத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், காத்திருப்புக் காசையும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கழுகுமலையிலிருந்து தொடங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.